மூன்றாம் தரம்

எரேதியா ஆலையில் எனக்கு இரவு முறை.
தட்டுத் தட்டாக வரும் சில்லுகளைத்
தொண்ணூறு பாகைச் சூட்டில் நிறுத்தி
எந்திரம் ஒரே கேள்வியைக் கேட்கும்:
இந்த வேகத்தில் ஓட முடியுமா?
திணறினால் கொஞ்சம் குறைத்துக் கேட்கும்,
அதற்கும் திணறினால் இன்னும் கொஞ்சம்.
ஒன்றைக்கூட அது திட்டியதில்லை.
நான் பார்த்த மேலாளர்களில்
அதுதான் உத்தமம்.

ஒரே வட்டில் வெந்தவைதான் எல்லாம்.
நடுவில் வாய்த்தது துடியாக இருக்கும்,
ஓரத்துப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்.
பொன்னை உரசி மாற்றுப் பார்ப்பதுபோல்
பார்த்துப் பெயர் பொறிப்போம்:
எண்ணூறு, எண்ணூற்றைம்பது, தொள்ளாயிரம், ஆயிரம்.

வேகத்துக்கும் விலைக்கும் உறவு உண்டு;
பங்காளி உறவு.
கடைசிப் படியின் உயரம் ஐம்பது மெகாஹெர்ட்ஸ்தான்,
ஏறுவதற்கு முந்நூறு டாலர் கூடுதல்.
யார் வாங்குவார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.
"பொறுக்க முடியாதவர்கள்" என்றார் எவேலியோ.
"பொறுப்பவர்களுக்கு மார்ச்சில் பாதி விலை.
புதிது ஒன்று உச்சியில் உட்காரும்போது
மற்றவை எல்லாம் ஒரு படி இறங்கி உட்காரும்.
சில்லு அதேதான் யோர்லெனி,
நாற்காலிதான் வேறு."

அக்டோபரில் மழை விடவே இல்லை.
வட்டு சுடும் ஊரில்
யாரோ எதையோ சரிசெய்துவிட்டார்கள்.
எந்திரம் கேட்ட முதல் கேள்விக்கே
முடியும், முடியும் என்றன எல்லாம்.
ஆயிரத்தின் பெட்டி வழிந்தது.
எண்ணூறின் பெட்டியில் மூன்று,
அதிலும் ஒன்றுக்கு முனை உடைந்திருந்தது.
இனிப்பு ரொட்டி வாங்கிவந்து
எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தேன்.

இரண்டு மணிக்கு வடக்கிலிருந்து தாள் வந்தது:
எண்ணூறு. பன்னிரண்டாயிரம் உருப்படி. வெள்ளிக்குள்.
"இல்லையே" என்றேன்.
"உண்டாக்கு."
எவேலியோ கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்.
"எல்லாம் ஆயிரம் என்று தெரிந்தால்
ஆயிரத்துக்கு யார் அந்த விலை தருவார்கள்?
மலிவு கேட்பவனை அனுப்பிவிட்டால்
அடுத்த கடைக்குப் போவான்."
கணக்கில் பிழை இல்லை.
நானும் இரண்டுமுறை போட்டுப் பார்த்தேன்.

சில்லின் முதுகில் செம்புப் பாலங்கள்,
எறும்பின் இடுப்பைவிட மெல்லியவை.
எது அறுந்திருக்கிறதோ அதைப் பொறுத்தது வேகம்.
லேசரில் எண்ணை மாற்றினேன்.
சின்னப் புகை, முடி கருகும் வாசனை,
அடுத்த தட்டு.
முதல் நூறுவரை எண்ணினேன்.
பிறகு கொட்டாவி வந்தது.

டிசம்பரில் என் ஆண்டு மதிப்பீடு.
"வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை" என்றார் எவேலியோ.
"முதல் தரத்தில் இரண்டே இடம்.
இரண்டாம் தரமும் நிரம்பிவிட்டது."
மூன்று என்று எழுதப் போனார், பேனா ஓடவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.

ஞாயிறன்று சான் ஹொசேயில்
தங்கை புருஷன் கெர்சனின் கடை.
சோறும் கறுப்பு அவரையும் முடித்து
மேசையைத் துடைத்துவிட்டு
ஒரு எண்ணூறை எடுத்துவந்தான்.
கூடவே மகளின் பள்ளிக்கூடப் பென்சில்.
"பாருங்கள் அக்கா, வித்தை."
நாக்கைக் கடித்துக்கொண்டு
அறுந்த இடத்தில் கோடு இழுத்தான்.
பென்சில் கரியும் மின்சாரம் கடத்துமாம்.
திரை விழித்தது: ஆயிரம்.
ஒரு மணி நேரம் ஓடியது, சூடேறவில்லை.

கெர்சனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
"இதை எண்ணூறு என்று விற்றிருக்கிறார்கள்!
தரம் பிரிக்கிறவர் யாரோ
தூங்கி வழிந்திருக்கிறார்."

அட்டைப்பெட்டியைத் திருப்பி
தொகுதி எண்ணைப் பார்த்தேன்.
அக்டோபர், நாற்பத்திரண்டாம் வாரம், இரவு.

"தூங்கவில்லை" என்றேன்.

அவன் புரியாமல் பார்த்தான்.
பென்சிலை வாங்கிக் கூர் பார்த்தேன்.
மழுங்கியிருந்தது.
சீவித் தரட்டுமா என்று கேட்டேன்.